மாரிக்கு முன்னே கிணறும் மோட்டரும் தாங்கியும்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீட்டுத் தண்ணீர் வேலைகளைச் செய்வதற்குப் பொருத்தமான காலம் ஆவணியும் புரட்டாதியும் ஆகும். அப்போது கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும், நிலம் காய்ந்திருக்கும், பிளம்பரும் மேசனும் கேட்ட நாளில் வருவார்கள். ஐப்பசி பிறந்து வாடை திரும்பிவிட்டால் இந்த மூன்றும் இல்லாமற் போய்விடும். நமது பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை கொட்டித் தீர்க்கிறது. எனவே கீழே சொல்லப்படும் வேலைகளில் பாதிக்கு மேல் மழை முகில் கண்ணில் படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியவை.

கனடாவில் வசிக்கும் என் மைத்துனர் ஒவ்வோர் ஒக்டோபரிலும் வீட்டுக்கு வெளியே உள்ள பைப்பின் உள்வால்வை அடைத்து, அதற்குள் நிற்கும் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுகிறார். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 வீதம் கூடுவதால், வடிக்காமல் விட்ட குழாய் வெடித்துவிடும். அங்கே அது எல்லோருக்கும் பழகிய வருடாந்த வேலை. ஆனால், வழமையாகக் குளிர் குறைந்த டெக்சாஸ் மாநிலத்தில் 2021 பெப்ரவரியில் கடுங்குளிர் இறங்கியபோது ஏராளமான வீடுகளில் குழாய்கள் வெடித்தன. அந்த வீடுகளின் குழாய்கள் அங்குள்ள வெயிலை மனத்தில் வைத்துப் பொருத்தப்பட்டிருந்தன. நமக்கு உறைபனி இல்லை. என்றாலும் நமது குழாய்களும் கோடையில், கோடைக்கால வசதியைப் பார்த்தே பொருத்தப்படுகின்றன. மோட்டர் கிணற்றடியில் தரையோடு இருக்கும். பிளக் முழங்கால் உயரத்தில் இருக்கும். தண்ணீர்த் தாங்கி நான்கு தூண்களின் மேல் எதனோடும் கட்டப்படாமல் இருக்கும். இத்தனைக்கும் நமக்கு வெள்ளம் அபூர்வமான விருந்தாளி அல்ல.

வெள்ளக்கோடு

முதலில் அறிய வேண்டியது உங்கள் வளவில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்பது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட வீடாக இருந்தால், பழைய சுவரில் அதன் கறை இன்னும் இருக்கக்கூடும்; சுவர் புதிதாகப் பூசப்பட்டிருந்தால் அயலிலுள்ள மூத்தவர்களைக் கேட்டால் ‘திண்ணை வரைக்கும் வந்தது’, ‘கிணற்றுக் கட்டு மூடுப்பட்டது’ என்று அடையாளம் சொல்வார்கள். அந்த உயரத்தைக் கிணற்றடிச் சுவரிலோ தூணிலோ பெயின்றால் ஒரு கோடாக இழுத்து, ஆண்டையும் எழுதிவிட வேண்டும். மோட்டர், பிளக், கிணற்றுக் கட்டு, தாங்கியிலிருந்து இறங்கும் பைப்பின் வால்வு ஆகிய எல்லாவற்றையும் இனி இந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கப்போகிறோம்.

வெள்ளம் எந்த வழியாக வருகிறது என்பதும் முக்கியம். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் அது பெரும்பாலும் வயலைத் தாண்டி, உன்னிச்சை போன்ற குளங்கள் நிரம்பி வான் பாயும்போது ஓட்டத்தோடு வருகிறது. குப்பை, வைக்கோல், வயல் மருந்து எல்லாவற்றையும் சுமந்து வருகிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் நிலம் மணல் என்பதால், பல வளவுகளில் தண்ணீர் வெளியிலிருந்து வருவதற்கு முன்பே நிலத்துக்கு அடியிலிருந்து மேலே ஊறிவிடுகிறது. வாவி நிரம்பி, அது கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டப்படும்வரை அது வடியவும் மாட்டாது. ஓட்டத்தோடு வரும் வெள்ளம் குழாயை உடைக்கும். ஊறி நிற்கும் வெள்ளம் குழாயை உடைக்காது, ஆனால் மலக்குழியையும் கிணற்றையும் ஒன்றாக்கிவிடும். இரண்டுக்குமான ஆயத்தம் சிறிது வேறுபடுகிறது.

கிணறு

கிணற்றுக் கட்டு வெள்ளக்கோட்டைவிட ஓர் அடியாவது உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், புதிய வளையம் ஒன்றை வாங்கி மேலே ஏற்றி, இணைப்பைச் சீமெந்தால் பூசுவதே மலிவான வழி. மேலுள்ள இரண்டு மூன்று வளையங்களுக்கு இடையே உள்ள பொருத்துகளையும் உட்புறமாகப் பூசிவிட வேண்டும். ஆவணியில் தண்ணீர் கீழே இருப்பதால் இந்த வேலையை உலர்வாகச் செய்ய முடியும். கிணற்றைச் சுற்றி மூன்று நான்கு அடி அகலத்துக்குக் கொங்கிறீட் தளம் இட்டு, அதை வெளிப்பக்கம் சரிவாக விட வேண்டும். ஏற்கெனவே உள்ள தளத்தில் வெடிப்பு இருந்தால், குளிக்கும் தண்ணீரே அதன் வழியாகக் கிணற்றுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். மாரியில் அதே வழியாக வெள்ளம் இறங்கும்.

மணல் நிலத்தில் இவ்வளவு செய்தாலும் கிணறு முழுமையாகத் தப்பிவிடும் என்று எண்ணக்கூடாது. கட்டும் பூச்சும் மேலால் வரும் அழுக்கைத் தடுக்கும். அடியால் ஊறிவரும் தண்ணீரைத் தடுக்கமாட்டா. காத்தான்குடி, கல்முனை போன்று வளவுகள் சிறுத்து, ஒருவரின் மலக்குழிக்கும் அடுத்தவரின் கிணற்றுக்கும் இடையே சில பாகத் தூரமே இருக்கும் இடங்களில், வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் இடாமல் எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் குடிக்கக்கூடாது என்பதை விதியாகவே கொள்ளலாம்.

மூடியைப் பொறுத்தவரை, இலை விழாமல் இருக்கப் போடும் நைலோன் வலை போதாது. தகர மூடியோ பலகை மூடியோ இருந்தால் அதற்கு மேல் தடித்த பொலித்தீனை விரித்து, கட்டின் வெளிப்புறத்தோடு சைக்கிள் ரியூப்பால் இறுகச் சுற்றிக் கட்ட வேண்டும். ரியூப் கயிற்றைப் போலத் தளர்ந்துவிடாது. மூடியின் மேல் கல் வைப்பவர்கள் உண்டு. காற்றுக்கு மூடி சரிந்தால் கல் கிணற்றுக்குள் விழுந்து, உறிஞ்சும் பைப்பின் அடியிலுள்ள ஒருவழி வால்வான ஃபுட் வால்வை உடைத்துவிடும். ஆகவே கல்லை விட்டு ரியூப்பால் கட்டுவதையே நம்புங்கள். குழாய்க் கிணறு உள்ளவர்களின் வேலை எளிது: குழாயின் வாய் வெள்ளக்கோட்டுக்கு மேலே உயர்ந்து, நன்றாக அடைக்கப்பட்டிருந்தாலே போதும்.

மோட்டர்

வெள்ளத்தால் நம்மவர் அதிகம் இழப்பது மோட்டரைத்தான். அதைக் காப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன: நிரந்தரமாக உயர்த்தி வைப்பது, அல்லது நேரத்தில் கழற்றி எடுப்பது. என் அபிப்பிராயத்தில் இரண்டையும் செய்ய வேண்டும். உயர்த்தி வைத்த மோட்டரும் முந்திய வெள்ளத்தைவிடப் பெரிய வெள்ளம் வந்தால் மூழ்கும். கழற்றலாம் என்று நம்பியிருப்பவர் அந்த இரவில் வீட்டில் இல்லாமலும் போகலாம்.

உயர்த்துவதாயின், வெள்ளக்கோட்டுக்கு மேலே குறைந்தது ஓர் அடி உயரத்தில் கொங்கிறீட் தட்டு ஒன்றைக் கட்டி, மோட்டரை அதில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. மேலே இருக்கும் மோட்டர் தண்ணீரை உறிஞ்சி எடுப்பது உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தத்தால்தான். அந்த அழுத்தம் கொள்கையளவில் 10 மீற்றர் உயரத்துக்குச் சற்று மேல் வரை தண்ணீரைத் தள்ளும். நடைமுறையில் 7 மீற்றருக்கு மேல் நம்ப முடியாது. மோட்டரை மூன்று அடி உயர்த்தினால் இந்த 7 மீற்றரிலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர் போய்விடுகிறது. கரையோர மணற்கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் ஆழத்துக்குப் போவதில்லை என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. ஆழமான கிணறு உள்ளவர்கள், ஆவணியில் தண்ணீர் மிகக் கீழே இருக்கும் நாளில் தட்டின் உயரத்திலிருந்து தண்ணீர் மட்டம்வரை கயிறு விட்டு அளந்த பிறகே தட்டைக் கட்ட வேண்டும். அளவு 7 மீற்றரைத் தாண்டினால், உயர்த்துவதை விட்டுக் கழற்றும் வழியையே தேர்ந்தெடுக்கலாம்.

கழற்றும் வழிக்குத் தேவையானவை இரண்டு யூனியன்களும் (பைப்பை அறுக்காமல் திருகிக் கழற்றக்கூடிய பொருத்துகள்) ஒரு கேட் வால்வும். உறிஞ்சும் பைப்பில் ஒரு யூனியனையும், தாங்கிக்கு ஏறும் பைப்பில் மற்றொரு யூனியனையும், அந்த இரண்டாவது யூனியனுக்கு உடனே மேலே கேட் வால்வையும் பொருத்த வேண்டும். இவை இருந்தால், வால்வை அடைத்து, கையால் இரண்டு யூனியன்களையும் திருகி, போல்ட்டைக் கழற்றி, பத்து நிமிடத்தில் மோட்டரை வீட்டுக்குள் கொண்டுபோய்விடலாம். இவை இல்லாவிட்டால், கொட்டும் மழையில் பைப்பை வாளால் அறுக்க வேண்டிவரும். பலர் அதற்கு மனம் வராமல் மோட்டரை விட்டுவிட்டுப் போகிறார்கள். யூனியனுக்குள் இருக்கும் றப்பர் வளையத்தை ஆண்டுக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்து, வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். போல்ட் துருப்பிடித்து இறுகிவிடாமல் கிறீஸ் பூசி வையுங்கள். மோட்டரை எடுத்த பிறகு இரு பைப்புகளின் வாய்களையும் மூடியால் அடைக்க வேண்டும். மூடி கிடைக்காவிட்டால் பொலித்தீனை மடித்து ரியூப்பால் கட்டினாலும் சரி. உறிஞ்சும் பைப்பைத் திறந்து விட்டால், உள்ளே இறங்கும் சேறு நேராக ஃபுட் வால்வின் மேல் போய்த் தங்கும். பிறகு அந்த வால்வு ஒருபோதும் முழுமையாக மூடாது.

தண்ணீருக்குள் இருக்கும் வகை மோட்டரை வெள்ளம் எதுவும் செய்யாது. ஆனால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும், வயர் பொருத்தும் தரையோடு இருந்தால், நனைவது அவைதாம்.

மின்சாரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். மோட்டரின் பிளக்கும் சுவிட்சும் வெள்ளக்கோட்டுக்கு மேலே, மழைச்சாரல் படாத இடத்தில் இருக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் விழாத ட்ரிப் சுவிட்ச் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. மோட்டரைக் கழற்றும்போது முதலில் மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகே பிளக்கைத் தொட வேண்டும். தண்ணீர் ஏற்கெனவே பிளக்கைத் தொட்டுவிட்டால் அந்த மோட்டரை மறந்துவிடுங்கள். 230 வோல்ட்டு மின்சாரம் உள்ள தண்ணீரில் இறங்கி மீட்பதற்கு எந்த மோட்டரும் பெறுமதியானதல்ல. மெயின் சுவிட்சை அடைவதற்கே தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தால், வெளியே நின்று மின்சார சபைக்கு அறிவித்துத் தூணிலேயே இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும்.

தாங்கியும் காற்றும்

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியில் மட்டக்களப்பின் தென்னைகளும் கூரைகளும் என்ன ஆயின என்பதை இங்கே பலர் நேரில் கண்டிருக்கிறார்கள். அன்று பெரும்பாலான வீடுகளில் மேல்தாங்கி கிடையாது. இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று உயரத்தில் நிற்கிறது. அப்படிப்பட்ட காற்றை அவை இன்னும் சந்திக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஊர்கள் நம் பக்கத்தில் பல உண்டு.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்று, தனக்கு எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீற்றர் பரப்பையும் ஏறக்குறைய 48 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையோடு தள்ளுகிறது. 1000 லீற்றர் தாங்கி உருண்டையாக இருப்பதால் காற்று அதைச் சுற்றி ஓரளவு வழுகிப் போகும். அப்படியிருந்தும் முப்பது நாற்பது கிலோ விசை அதன் மேல் விழும். வெறும் தாங்கியின் எடையோ இரண்டு பேர் சிரமமின்றித் தூக்கும் அளவுதான். அதனால் வெறுந்தாங்கி பறக்கும். அதே தாங்கியை நிரப்பினால் அதில் 1000 கிலோகிராம் தண்ணீர் இருக்கும். காற்றால் அசைக்க முடியாது. ஆகையால் சூறாவளி எச்சரிக்கை வந்தவுடன் மோட்டரைக் கழற்றுவதற்கு முன் தாங்கியை விளிம்புவரை நிரப்ப வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தவர்கள், அதாவது மோட்டரைப் பத்திரமாக உள்ளே வைத்த பிறகு தாங்கி பாதியில் இருப்பதை நினைத்தவர்கள், என் உறவினருள்ளேயே இருக்கிறார்கள்.

தாங்கியை நிரப்பினால் மட்டும் வேலை முடிந்துவிடாது, அந்த ஒரு தொன் எடையைத் தாங்கும் தூண்களையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றுப் படும் கரையோரத்தில் கொங்கிறீட் தூணுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும்போது, தூணின் மேற்பூச்சு நீளவாக்கில் வெடித்து உதிர்கிறது. அப்படி வெடித்த தூணில் நிறைந்த தாங்கியை நம்பி விட முடியாது; அதை மேசனிடம் காட்டிக் கோடையிலேயே சரிசெய்ய வேண்டும். இரும்புக் கோண நிலை என்றால் அதன் கால் சீமெந்துக்குள் இறங்கும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது, தாங்கியின் அடியிலிருந்து புறப்படும் பைப்பில், தாங்கிக்கு மிக அருகில் ஒரு வால்வு இருக்க வேண்டும். நிரப்பிய பின் அதை அடைத்துவிட வேண்டும். தென்னோலையோ மட்டையோ விழுந்து கீழே எங்காவது பைப் உடைந்தால், இந்த வால்வு அடைக்கப்படாத தாங்கி இரவோடிரவாக வெறுமையாகிவிடும். குடிக்கவும் தண்ணீர் இருக்காது, தாங்கியை அமர்த்திப் பிடிக்க எடையும் இருக்காது. தாங்கியின் மூடியைத் திருகி, கயிற்றால் குறுக்காகவும் கட்ட வேண்டும். முதலில் பறப்பது மூடிதான். தாங்கியின் உடலைச் சுற்றி நைலோன் கயிறு போட்டு நிலையின் நாலு மூலையிலும் இறுக்குவது மேலதிகப் பாதுகாப்பு. கம்பியால் கட்டினால் அது பிளாஸ்டிக்கை வெட்டும்.

வெயிலில் கிடக்கும் பிவிசி பைப் ஆண்டுகள் போகப்போகக் கண்ணாடி போல முறியும் தன்மையை அடைகிறது. சுவருக்கு வெளியே ஓடும் பைப்புகளில் வெள்ளைப் பெயின்ற் பூசினால் இது தாமதமாகும். மூன்று அடிக்கு ஒரு கிளிப் போட்டுச் சுவரோடு பிடிக்க வேண்டும். தாங்கியிலிருந்து பத்து அடிக்கு எந்தப் பிடியும் இல்லாமல் தொங்கிக்கொண்டு இறங்கும் பைப்பைப் பல வீடுகளில் பார்க்கிறோம். காற்றுக்கு அது ஆடும்போது முறிவது தாங்கியோடு பொருத்தும் இடத்தில்தான், அந்த இடத்தில் முறிந்தால் அடைப்பதற்கு வால்வும் இல்லை.

சபைத் தண்ணீர் உள்ள வீடுகள்

நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்பு உள்ளவர்கள் இந்தக் கவலைகள் தமக்கு இல்லை என்று நினைப்பதுண்டு. நிலத்துக்கு அடியில் போகும் பைப்பில் அழுத்தம் இருக்கும்வரை, சிறு வெடிப்பு இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். மின்சாரம் போய் அழுத்தம் விழுந்த நேரத்தில் அந்தப் பைப் வெள்ளத்துக்குள் கிடந்தால், அதே வெடிப்பு வெளியிலுள்ள அழுக்கை உள்ளே இழுக்கும். எனவே வெள்ளம் ஏறும்போது நீர்மானிக்கு அருகிலுள்ள வால்வை அடைத்துவிட்டு, விநியோகம் திரும்பிய பின் முதல் தண்ணீரை வளவிலுள்ள குழாய் வழியாகத் தெளியும்வரை ஓட விட வேண்டும். கிணற்றுப் பைப்பையும் சபைப் பைப்பையும் ஒரே வால்வால் பிரித்து வைத்திருப்பவர்கள் அந்த இணைப்பை அறுத்துத் தனித்தனியாக்குவதே நல்லது. வால்வு ஒன்று சரியாக மூடாவிட்டால் உங்கள் கிணற்று அழுக்கு தெருவுக்கே போகும்.

மலசலகூடத்தைப் பற்றிச் சுருக்கமாக: வெள்ளத்தில் குழி நிரம்பினால் அழுக்கு கோப்பை வழியாகத் திரும்பி வரும். மணல் நிரப்பிய தடித்த பொலித்தீன் பையைக் கோப்பைக்குள் இறுக வைத்தால் பெரும்பகுதி தடுக்கப்படும். மாரிக்கு முன் குழியை முற்றாக வெறுமையாக்கி விடவும் கூடாது. மண்ணுக்கடித் தண்ணீர் உயரும்போது வெறுமையான குழி படகைப் போல மேலே தள்ளப்பட்டு, பொருத்துகள் பிரியும்.

எச்சரிக்கை வந்த நாள்

முன்வேலைகள் முடிந்திருந்தால் அந்த நாளில் செய்ய வேண்டியவை அரைப்பொழுதுக்குள் அடங்கும். முதலில் குடத்திலும் வாளியிலும் மூடியுள்ள பாத்திரங்களிலும் குடிதண்ணீரைப் பிடித்து வைத்து, அடுத்து தாங்கியை நிரப்பி, அதன் வால்வை அடைத்து, மூடியைக் கட்ட வேண்டும். அதன் பின் மெயின் சுவிட்சை நிறுத்தி, மோட்டரைக் கழற்றி, பைப் வாய்களை மூட வேண்டும். பிறகு கிணற்றை மூடிக் கட்டி, கடைசியாக மலசலகூடத்தில் மணற்பையை வைக்க வேண்டும். வீட்டை விட்டுப் பாடசாலைக்கோ உறவினர் வீட்டுக்கோ போவதாக இருந்தால் போல்ட்டுகளையும் யூனியன் வளையங்களையும் ஒரு பையில் போட்டு மோட்டரோடு வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும் நாளில் அவற்றைத் தேடும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு

கெடுதல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. 2011இல் எங்கள் மோட்டர் இரண்டு நாட்கள் தண்ணீருக்குள் கிடந்தது. எடுத்து மூன்று நாட்கள் நல்ல வெயிலில் காயவைத்து, வெளியே துளி ஈரமும் இல்லை என்று கண்டபின் சுவிட்சைப் போட்டேன். ஒரு நொடி உறுமியது; பிறகு புகைத்தது. கொயில் கட்டியவர் அதைத் திறந்து காட்டியபோது உள்ளே சேறு ஈரமாகவே இருந்தது. வெயில் ஓட்டைத்தான் காயவைக்கிறது. மூழ்கிய மோட்டரை முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், குறிப்பாக வாவித்தண்ணீரில் மூழ்கியிருந்தால், உப்பு காய்ந்து படிவதற்குள் கழுவ வேண்டும். பிறகு சுவிட்சைப் போடாமலே கொயில் கட்டுபவரிடம் கொடுத்து, திறந்து காயவைத்து, காப்புத்தடை 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருப்பதைக் கருவியால் அளந்து பார்க்கச் செய்ய வேண்டும். பெயரிங்கும் கப்பாசிற்றரும் மாற்ற வேண்டிவரலாம். அந்தச் செலவு புதிய கொயில் கட்டும் செலவில் சிறு பங்குதான்.

கிணற்றில் செய்யப்படும் தவறு இதைவிடப் பெரியது. வெளியே வெள்ளம் வடிந்ததும், கலங்கிய கிணற்றை முற்றாக இறைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. நிலத்துக்கடித் தண்ணீர் அப்போது தரைமட்டத்துக்கு அண்மையில் நிற்கும். கிணற்றை மட்டும் பெரிய மோட்டரால் வேகமாக வெறுமையாக்கினால், சுற்றியுள்ள தண்ணீர் மணலையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாயும். வளையங்கள் விலகும், சில வேளைகளில் கட்டே தாழும். தவிரவும், சுற்றிலும் அழுக்குத் தண்ணீர் நிற்கும்போது இறைத்தால் கிணற்றுக்குள் வந்து சேர்வதும் அதே அழுக்குத்தான். வளவில் தண்ணீர் முழுவதும் வடிந்து, கிணற்று மட்டம் சில நாட்களாக இறங்கிக்கொண்டிருப்பதைக் கண்ட பின்னரே, மிதக்கும் குப்பையை வலையால் அள்ளி, வாளியாலோ சிறிய மோட்டராலோ மெதுவாக, ஒரு தடவையில் தண்ணீர் பாதிக்கு மேல் குறைந்துவிடாதபடி இறைக்க வேண்டும்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் அதன் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நீரியலாளர் கையாளும் அண்ணளவுக் கணக்கு. மேலே சிறிது இறைத்தாலும் கீழேயுள்ள உப்பு பல மடங்கு ஏறும். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு இந்தக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தும் உவர் குறையாத இடங்கள் இருந்தன. அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் அது கூடவும் செய்தது. உப்பைக் கழுவியது பின்னர் வந்த மாரி மழைதான். வாவித்தண்ணீர் ஏறி உவர்த்த கிணறு என்றால், சேற்றை அகற்றிய பின் அதை மழைக்கே விட்டு, அதுவரை குடிதண்ணீரை வேறிடத்தில் பெறுவதே வழி.

சேறு அகன்று தண்ணீர் தெளிந்த பிறகு குளோரின் இட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் (பி.எச்.ஐ.மார்) ரி.சி.எல். என்று சொல்லும் வெளிற்றும் தூளை அவர்கள் மூலமே பெறலாம். பல இடங்களில் அவர்களே வந்து இட்டுத் தருவார்கள். நீங்களே இடுவதாயின் முதலில் கிணற்றில் உள்ள தண்ணீரின் அளவைக் கணிக்க வேண்டும். விட்டத்தை மீற்றரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் 785 என்ற எண்ணாலும் பெருக்கினால் லீற்றர் கணக்கு வரும். நாலு அடி, அதாவது 1.2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் நின்றால் 2260 லீற்றர். கிணற்றைத் தொற்றுநீக்கம் செய்வதற்கு லீற்றருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். தூளில் 30 வீதம் குளோரின் இருக்கிறது என்று கொண்டால், இந்தக் கிணற்றுக்கு 375 கிராம் அளவு தூள் தேவைப்படும். திறந்து நாட்பட்ட தூளில் வீரியம் குறைந்திருக்கும் என்பதால் புதிய தூளையே கேட்டு வாங்குங்கள்.

தூளை நேரடியாகக் கிணற்றில் கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளி இரண்டில் தண்ணீரோடு கலக்கி, அரை மணி நேரம் வைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்ததை மட்டும் கிணற்றைச் சுற்றிவர ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்க வேண்டும். இதை வெளியில், காற்றோட்டமான இடத்தில், கண்ணுக்குள் தெறிக்காமல் செய்ய வேண்டும். மலசலகூடம் கழுவும் அமிலம் எதனோடும் இந்தத் தூளைச் சேர்க்கக்கூடாது, நச்சு வாயு வெளிவரும். பிறகு மோட்டரைப் பொருத்தி, கழுவிய தாங்கிக்கு அந்தத் தண்ணீரை ஏற்றி, குசினி தொடங்கி ஒவ்வொரு பைப்பையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூட வேண்டும். அப்போதுதான் குழாய்களின் உட்புறமும் சுத்தமாகும். பலர் கிணற்றை மட்டும் சுத்தம் செய்துவிட்டுச் சேறு படிந்த தாங்கியிலிருந்து குடிக்கிறார்கள். ஓரிரவு அப்படியே விட்டு, மறுநாள் மணம் குறையும்வரை இறைத்து வெளியே விட வேண்டும். மரக்கறிப் பாத்திக்கு விட்டால் செடி கருகும்.

குடிப்பதற்கான தண்ணீரைப் பி.எச்.ஐ. பரிசோதித்துச் சொல்லும்வரை, கொதி வந்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆற வைத்துப் பயன்படுத்த வேண்டும். மண்ணெண்ணெய் மணமோ வயல் மருந்து மணமோ உள்ள தண்ணீருக்கு இந்த வழிகள் எதுவும் உதவா. குளோரினும் கொதியும் கிருமியைக் கொல்லுமே தவிர, மருந்தை நீக்கமாட்டா. படுவான்கரையில் வயலோரத்தில் கிணறு உள்ளவர்கள் இதைத் தனியே நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாம் பொருத்தி முடிந்த நாளில் கிணற்றடிச் சுவரில் புதிய கறையைப் பாருங்கள். அது காய்ந்து மங்குவதற்குள் பழைய கோட்டுக்குப் பக்கத்தில் புதிய கோட்டை இழுத்து ஆண்டை எழுதுங்கள். புதியது மேலே இருந்தால், வரும் ஆவணியில் மேசனிடம் சொல்ல வேண்டிய முதல் வேலை மோட்டர்த் தட்டை உயர்த்துவது.